சுடுகிறதா என்று பார்க்க ஒரு கை

எனக்கு நாற்பத்தாறாவது வயதில்தான் முகத்தில் களை வந்தது. அதுவரை கன்னம் ஒட்டி, தாடை துருத்திக்கொண்டு, கம்பெனி அடையாள அட்டைப் போட்டோவில் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருப்பேன். மூன்றே மாதத்தில் கன்னம் இரண்டும் உருண்டு, தோல் மினுமினுவென்று ஆகி, சட்டையின் கழுத்துப் பட்டன் மாட்டாமல் போய்விட்டது.

இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு பிராக்கெட் அடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். என் லைனில் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின் ஓட்டிய ஏகாம்பரம் பக்கத்துப் பென்னலூர்க்காரன். ஒரு நாள் டீ நேரத்தில் என்னை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டான்.

"இன்னா சார், மூஞ்சி பூரி கணக்கா உப்பிக்கினு கீது? ஊர்லேர்ந்து அண்ணி வந்துட்டாங்களா?"

அண்ணி வரவில்லை. என் மனைவி செண்பகம் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் வேலையை விட முடியாது, என் வேலையை அங்கே கொண்டுபோக முடியாது. ஆறு வருஷமாக அவள் அங்கே, நான் இங்கே ஒரு வாடகை ரூமில். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து போவேன். ஒன்றரை நாள் புருஷனாக இருப்பேன். திரும்பி வந்துவிடுவேன். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை தோறும் எஸ்.டி.டி. பூத்தில் நின்று, "நான் நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா" என்பதுதான் எங்கள் குடித்தனம்.

போன ஆயுத பூஜைக்கு, ஓவர்டைம் நெருக்கடியில் ஊருக்குப் போக முடியாமல், கம்பெனியில் எடுத்த கலர் போட்டோவை அவளுக்கு அனுப்பினேன். அடுத்த ஞாயிறு போனில் அவள் குரலே வேறாக இருந்தது. "முகம் ரெண்டு சுத்து பெருத்திருக்கு. இப்பத்தான் ஒழுங்கா சாப்பிடுதிய போல" என்றாள். பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சருக்கும் காட்டினாளாம். அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாளாம். உன் நினைப்பிலேயே ஊதிப் போய்விட்டேன் என்று நான் ஒரு ஜோக் அடித்தேன். பூத்துக்காரரும் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

உண்மைக் காரணம் ஒரு பொட்டலம். சிமென்ட் தரையில் ஷிப்டும் ஓ.டி.யுமாக நின்று நின்று இரண்டு முட்டியும் போயிருந்தன. மண்ணூரில் போர்டு இல்லாத ஒரு ரூமில் ஒருவர் முட்டிவலிக்குப் பொடி தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வேளைக்கு ஒன்று, வெந்நீரில். மூன்றாம் நாள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். வலி போனால் நோய் போயிற்று என்று நம்புகிற ஆள் நான். பொட்டலம் தீரத் தீரப் போய் வாங்கிக்கொண்டேன். அதோடு பசியும் எடுத்தது, அழகும் வந்தது. வேறென்ன வேண்டும்?

இங்கே எங்கள் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செண்பகத்தின் அம்மா இல்லை, பாவம், அவர் சாது. எங்கள் லைனில் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு கயிறு தொங்கும். பீஸில் விரிசலோ பிசிறோ கண்டால் ஆபரேட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும். நானும் குவாலிட்டிக்காரரும் மெயின்டெனன்ஸ் ஆளும் ஓட வேண்டும். ஆள் வந்து பார்க்கும்வரை கத்திக்கொண்டே இருப்பதால் பையன்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாமியார் கத்தினால் லைன் நிற்கும். லைன் நின்றால் அன்றைய எண்ணிக்கை விழும். எண்ணிக்கை விழுந்தால் மேனேஜர் என்னைக் கூப்பிடுவார். ஆகவே ஒரு நல்ல நாளில் மெஷின் துடைக்கும் வேஸ்ட் துணியைச் சுருட்டி, ஸ்டூல் போட்டு ஏறி, மாமியார் வாயில் நானே அடைத்தேன். அதன் பிறகு அது தூரத்தில் கொசு மாதிரிதான் முனகும். கேட்டால் போவேன். அந்த மாதம் எண்ணிக்கையில் எங்கள் லைன்தான் முதல். எனக்கு ஒரு டிபன் கேரியர் பரிசு கொடுத்தார்கள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு தகட்டின் விளிம்பு வலது காலில், முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவே, கீறிவிட்டது. விரல் நீளக் காயம். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஷிப்டை முடித்தேன். பெரிதாக வலிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து பேண்ட் கெண்டைக்காலில் பிடித்தது. அழகு காலுக்கும் இறங்குகிறது என்று ஏகாம்பரத்திடம் சொன்னேன். காய்ச்சல் இல்லை, குளிர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில், என் குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று செண்பகம் கேட்டாள். ஒண்ணுமில்லை என்றேன்.

புதன்கிழமை காலை ஷிப்டில் கண் இருட்டியது. பிரஸ் மெஷின் மேல் விழாமல் ஏகாம்பரம் மேல் விழுந்தது என் அதிர்ஷ்டம். அவனுடைய அதிர்ஷ்டத்தைப் பற்றி நான் பேசக் கூடாது. கம்பெனி வேனில் போட்டு பூந்தமல்லி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரஷர் மிகக் குறைவாக இருந்ததாம். இரண்டு கையிலும் ஊசி ஏற்றி, பேண்ட் காலைக் கத்தரித்து எடுத்தபோதுதான் நானே என் காலை ஒழுங்காகப் பார்த்தேன். கெண்டைக்கால் முழுக்கக் கறுத்த சிவப்பு. அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

வார்டு டாக்டர் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். அதட்டவும் மாட்டார், கொஞ்சவும் மாட்டார். தெர்மாமீட்டரைப் பார்த்தார், உதறினார், மறுபடி வைத்தார். அப்போதும் காய்ச்சல் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. "பார்த்தீங்களா டாக்டர், காய்ச்சல் கூட இல்லை" என்றேன்.

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

சட்டைப் பையில் மிச்சம் இரண்டு பொட்டலம் இருந்தது. விரித்து மோந்து பார்த்தார். ஸ்டெராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பார்கள் என்றார். நான் அழகு என்று நினைத்ததற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறதாம். நிலா முகம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். தோல் கிழிந்து கிருமி உள்ளே போனதும், அங்கே காவல் இருக்கிற செல் சண்டை போடுவதோடு நிற்பதில்லை. ஆள் கூப்பிடுகிறது. எப்படி? கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் புரதங்களை வெளியே விடுகிறது. அவற்றுக்கு சைட்டோகைன் என்று பெயர். சில புரதம் பக்கத்து ரத்தக் குழாய்க்குப் போய்ச் சுவரைத் தளர்த்து என்கிறது. வெள்ளை அணுக்கள் அந்த வழியாக இறங்குகின்றன. வீக்கமும் சிவப்பும் அதனால். சில எலும்பு மஜ்ஜைக்குப் போய் இன்னும் ஆள் வேண்டும் என்கின்றன. சில மூளை வரை போய் உடம்பைச் சூடாக்கு என்கின்றன. காய்ச்சல் என்பது அதுதான். நோய் என்று நாம் திட்டுகிறதில் பாதி, உடம்பு ஆள் கூப்பிடுகிற சத்தம். ஸ்டெராய்டு அந்தப் புரதங்களை எழுந்திருக்க விடாமல் அமுக்கிவிடுகிறது. வலி போகும், வீக்கம் போகும். கிருமி மட்டும் போகாது. யாரும் கேட்காத வீட்டில் சாவகாசமாகக் குடியிருக்கும்.

நான் மாமியார் கதையைச் சொன்னேன். டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார்.

"அப்ப துணியை உருவிட வேண்டியதுதானே டாக்டர்?"

"திடீர்னு உருவ முடியாது. இத்தனை மாசம் வெளியிலேர்ந்து வந்ததால, உங்க உடம்பு தானா சுரக்கற ஸ்டெராய்டை நிறுத்திடுச்சு. சட்டுனு நிறுத்தினா பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். அதுவரைக்கும் சத்தம் கேக்காது."

அந்தச் சத்தம் எல்லை மீறினாலும் ஆபத்து என்பதையும் சொன்னார். எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் விடாமல் கத்தினால் அந்தக் கூச்சலே ஆளைச் சாய்த்துவிடுமாம். ஆக, கத்தவும் வேண்டும், ஆள் வந்ததும் நிற்கவும் வேண்டும். வாயில் துணி அடைக்கும் முன் எங்கள் மாமியாருக்குத் தெரிந்திருந்த வித்தை.

பிறகு சர்ஜன் வந்தார். பேனாவை எடுத்து என் காலில் சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார். தகட்டில் வெட்ட வேண்டிய இடத்தை நாங்கள் மார்க் பண்ணுவோமே, அதே மாதிரி. உள்ளே அழுகியதை அறுத்துச் சுத்தம் செய்வோம், மருந்து ஏற்றுவோம் என்றார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டி முட்டியைத் தொட்டால் காலை எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னார். நானும் சரி சார் என்றேன். அவர் போன பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று புரிந்தது.

ஏகாம்பரம் பள்ளிக்கூடத்துப் பக்கத்து வீட்டு நம்பருக்கு போன் போட்டிருந்தான். வியாழன் மதியம் செண்பகம் வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் அதே பை, கட்டைவிரல் ஓரத்தில் சாக்பீஸ் வெள்ளை. பையைக் கீழே வைத்தாள். புறங்கையை என் கழுத்தில் வைத்தாள்.

அந்தக் கையை அங்கே நான் உணர்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன். ஒன்றரை நாள் புருஷனுக்குக் காய்ச்சல் வரவே நேரம் இருந்ததில்லை.

"சில்லுன்னுதான் இருக்கு" என்றாள். பெருமூச்சு விட்டாள். "அப்ப பயப்பட ஒண்ணுமில்லைல்லா?"

ஆறு வருஷமாக அவளிடம் ஒண்ணுமில்லை என்று சொன்னவன் நான். அன்றைக்குத்தான் இருக்கிறது என்று சொல்ல வேண்டி வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலம், புரதம், பேனாக் கோடு, முட்டி. அவள் முகத்தைப் பார்க்காமல், மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அந்த போட்டோவ ஸ்கூல்ல அத்தனை பேருட்டயும் காட்டுனேன்" என்றாள். சேலைத் தலைப்பால் என் கன்னத்தைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

அதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் காய்ச்சலுக்குக் காத்திருந்தோம். வார்டில் மற்ற எல்லா வீட்டாரும் காய்ச்சல் இறங்க வேண்டும் என்று நேர்ந்துகொள்ள, செண்பகம் மட்டும் நர்ஸ் தெர்மாமீட்டரை எடுக்கும்போதெல்லாம், "ஏறியிருக்கா சிஸ்டர்?" என்று கேட்பாள். இல்லையென்றால் முகம் வாடிவிடும். பக்கத்துக் கட்டில்காரர் வீட்டம்மா இவளை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார். புருஷனுக்கு நிறைய இன்சூரன்ஸ் போட்டிருக்கிறாளோ என்று சந்தேகம் வந்திருக்கும்.

ரத்தம் எடுத்து இரண்டு பாட்டிலில் ஊற்றிச் சூடான பெட்டிக்குள் வைத்தார்கள். கிருமி அதற்குள் வளர்ந்தால் அது எந்த ஜாதி, எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரியுமாம். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ஸ்கேன் எடுக்க வெளியே வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் படுத்துக் காத்திருக்கும்போது, போகிறவர் வருகிறவர் எல்லோரும் என் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு தடவை அறுத்துச் சுத்தம் செய்தார்கள். இரவில் எனக்கு வந்தது பயம் என்பதைவிட ஏக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். காலுக்காக என்று நினைத்தேன். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தவளின் வளையல் தரையில் உரசும் சத்தம் கேட்கும்போது, காலுக்காக மட்டும் இல்லை என்று தோன்றும். பில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கழுத்துச் சங்கிலி ஒரு நாள் மதியம் காணாமல் போய், மஞ்சள் கயிறு வந்தது.

சனிக்கிழமை சிவப்பு முதல் கோட்டைத் தாண்டியது. இரண்டாவது கோடு போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அதன் விளிம்பு வரை வந்துவிட்டது. முட்டிக்கு மூன்று விரல் கீழே. ரத்தப் பரிசோதனை முடிவு அன்றுதான் வந்து மருந்தை மாற்றினார்கள். சர்ஜன் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். நாளைக் காலை பார்ப்போம், தாண்டியிருந்தால் கையெழுத்து வேண்டும் என்றார். செண்பகம் அதை வாங்கி ஒரு எழுத்து விடாமல் படித்தாள். பிழை திருத்துகிற பழக்கம். மடித்துப் பைக்குள் வைத்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு கால் போனா என்ன, செருப்பு செலவு பாதியாயிரும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு? அந்தப் பொடிய மூணு மாசமாத்தான் திங்குதிய. இந்த ஜோக்க கல்யாணம் ஆன நாள்லேர்ந்து திங்குதிய."

எந்தச் சபையிலும் வாய் அடைபடாத எனக்கு அன்று அடைபட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக நான் எஸ்.டி.டி. பூத்தில் நிற்கிற நேரம், சாயங்காலம் ஐந்து மணி. அவள் எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரை நீட்டியவள் என்ன நினைத்தாளோ, புறங்கையைக் கழுத்தில் வைத்தாள். எடுத்தாள். தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். மறுபடி என் கழுத்தில் வைத்தாள்.

"சுடுது" என்றாள்.

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நர்ஸ் ஓடி வந்து தெர்மாமீட்டர் வைத்தார். நூற்றொன்று. பக்கத்துக் கட்டில் அம்மா பதறிப்போய் மாத்திரை கொடுக்கச் சொன்னார். செண்பகம் அழுதுகொண்டே சிரித்தாள். அதற்குள் எனக்குக் குளிர் எடுத்தது, கால் விண்விண்ணென்று தெறித்தது. பத்து நாளாகக் கட்டை மாதிரி கிடந்த கால், என்னுடைய கால் என்று அப்போதுதான் தெரிந்தது. "வலிக்குது" என்று சத்தமாகவே சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். காயத்துக்கு மேலே ஒரே இடத்தில் சீழ் திரண்டிருந்தது. அன்றே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய் அதை வெளியேற்றினார்கள். மறுநாள் காலை சர்ஜன் குனிந்து பார்த்தார். சிவப்பு, கோட்டுக்கு உள்ளே அரை விரல் இறங்கியிருந்தது. காகிதத்தைத் திருப்பிக் கேட்டார். செண்பகம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

காய்ச்சல் வந்ததால் கால் பிழைத்தது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்தார். சரியான மருந்தும் சர்ஜன் கத்தியும்தான் முக்கால்வாசி வேலை செய்தன. பொடிக்குப் பதில் அவர்கள் அளந்து கொடுத்த ஸ்டெராய்டு குறையக் குறைய உள்ளே இருந்த ஆட்களும் எழுந்து வந்து சேர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். அடிக்கடி பேர் தெரியாத பொடி தின்கிறவர்களுக்காக இதை எழுதுவதால், அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். இன்னொன்றும் சொன்னார். இப்போது தின்றுகொண்டிருக்கிறவர்களும் தாங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

ஏகாம்பரம் பார்க்க வந்தான். சாத்துக்குடிப் பையைத் தொங்கவிட்டு, கொஞ்ச நேரம் காலையே பார்த்தான்.

"மாமியார் வாய்லேர்ந்து துணிய எடுத்துட்டேன் சார்" என்றான். "விரிசல் பீஸு ஒரு பெட்டி முயுக்க போயிக்கீது. இப்ப நாளெல்லாம் கத்திக்கினே கீது. லைனு நின்னு நின்னு போவுது. மேனேஜரு உங்களத்தான் தேடறாரு."

"என்னன்னு சொன்னே?"

"சாருக்கும் அதே கேசுதான்னு சொன்னேன்."

பதினேழாம் நாள் செண்பகத்துக்கு லீவு முடிந்தது. அவளை பஸ் ஏற்ற என்னால் போக முடியவில்லை. புறப்படும் முன் ஒரு தடவை கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. இந்தத் தடவை நல்ல சில்லு.

இப்போது தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோலோடு கால் இருக்கிறது, கோடு போட்ட இடத்தில் முடி முளைக்காமல். பொடி நின்றதும் முட்டிவலி தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. முகமும் ஒட்டிவிட்டது. மறுபடி போலீஸ் தேடலாம். செண்பகம் அலமாரியிலிருந்து அந்த போட்டோவை எடுத்துவிட்டாளாம். காஞ்சிபுரம் பக்கம் மாறுதல் கேட்டு மனு கொடுத்திருக்கிறாள். கிடைக்க இரண்டு வருஷம் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம்.

போன வாரம் ரூமில் உடம்பு கசகசவென்று இருந்தது. புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நெற்றியில் வைத்தேன், அப்போதும் தெரியவில்லை. கழுத்து எவ்வளவு சூடோ கையும் அவ்வளவு சூடு. தன் காய்ச்சலைத் தன் கையால் கண்டுபிடிக்க முடியாது என்பது நாற்பத்தாறு வயதில் எனக்குத் தெரிந்த விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை பூத்துக்குப் போனேன். எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். செண்பகம் எடுத்ததும் எப்படி இருக்கிய என்று கேட்டாள். நல்லா இருக்கேன் என்று வாய் வரை வந்தது.

"வலிக்குது" என்றேன்.

"காலா?"

"கால் இல்ல."

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பூத்துக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார், நான் ஏதாவது ஜோக் சொல்வேன் என்று. சொல்லவில்லை. அந்தப் பக்கம் அவள் மூச்சு கேட்டது.

"சரி, சொல்லுங்க" என்றாள். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."